தூக்கிக்கொண்டு ஓடினால் கல்யாணமா?

"கிர்கிஸ்தானில் பெண்ணைக் கடத்திக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டால் சட்டப்படி செல்லுமாமே, உண்மையா? என் தங்கைக்கு பிஷ்கெக்கில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் கேட்டுவிட்டாலும் இவை இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு: செல்லாது. அந்தப் பதிலால் உங்கள் பயம் தீரப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். செல்லாது என்று சட்டம் சொல்லும் ஒரு காரியம் பட்டப்பகலில் எப்படி நடக்கிறது, நடந்த பிறகு போலீசும் கோர்ட்டும் என்ன செய்கின்றன என்பதுதான் உங்கள் வயிற்றைக் கலக்குகிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

நான் திருச்சியில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன். இடையே 2014 முதல் 2018 வரை கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கெக்கில் இருந்தேன். ரஷ்ய மொழி தெரியும் என்பதால் அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் துணையாகப் போய்வருவது என் வேலை. பாஸ்போர்ட் தொலைந்தால், செல்போன் பறிபோனால், வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் போலீஸ் நிலையத்தின் மர பெஞ்சில் அவர்களோடு நானும் உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்டு நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை எனக்குக் கிடையாது. கிர்கிஸ் மொழி, சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும். பிஷ்கெக்கும் அதைச் சுற்றியுள்ள சூய் பள்ளத்தாக்கும் பழகிய இடங்கள். தெற்கே ஓஷ், ஜலால் அபாத் பக்கத்துக் கிராமங்களைப் பற்றி நான் சொல்வது படித்தும் கேட்டும் அறிந்தது. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்தச் சொல். கிர்கிஸ் மொழியில் இந்த வழக்கத்துக்கு 'அலா கச்சூ' என்று பெயர். 'எடுத்துக்கொண்டு ஓடு' என்பது அதன் நேர்ப்பொருள். வம்பு முழுவதும் இந்தப் பெயரில்தான் ஆரம்பிக்கிறது. காதலிக்கும் இருவர், பெற்றோர் சம்மதிக்காததாலோ சீர் செய்யப் பணமில்லாததாலோ, பேசி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாலும் அதற்கு அலா கச்சூ என்றுதான் பெயர். முன்பின் பேசியிராத ஒருவன் மூன்று நண்பர்களோடு காரில் வந்து, பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு போனாலும் அதே பெயர்தான். நம் பழைய இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். தலைவி விரும்பி உடன் போனால் அது உடன்போக்கு. அவள் விருப்பமில்லாமல் வலிந்து கொண்டுபோனால் இராக்கதம். இரண்டையும் ஒரே பானையில் போட்டு அவர்கள் கிண்டவில்லை. கிர்கிஸ்தானில் ஒரு தாய் போலீஸ் நிலையத்துக்கு ஓடிப் போய் "என் மகளை அலா கச்சூ செய்துவிட்டார்கள்" என்று அழும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி அந்தச் சொல்லை உடன்போக்கு என்றும் கேட்கலாம், இராக்கதம் என்றும் கேட்கலாம். எப்படிக் கேட்டால் தனக்கு வேலை குறையுமோ அப்படித்தான் பெரும்பாலும் கேட்கிறார்.

கடத்திக்கொண்டு போன வீட்டில் என்ன நடக்கும் என்பதை, அங்கே நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா சொல்லித்தான் முதன்முதலில் அறிந்தேன். அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். 'எஜே', அதாவது அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நாரின் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்தவர். பள்ளி முடித்த கோடையில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளையை அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒரு மூலையில் திரை கட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் உட்காரவைத்து, அந்த வீட்டுப் பெண்கள் வெள்ளைத் தலைத்துணியை, ஜோலுக்கை, எடுத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். அந்தத் துணி தலையில் ஏறிவிட்டால் அவள் அந்த வீட்டு மருமகள். எஜே அதைப் பிடுங்கி எறிந்தாராம். மறுபடி கட்டினார்கள், மறுபடி எறிந்தார். முதல் நாள் மாலைவரை இதே கூத்து. "நானும் இப்படி அழுதுகொண்டுதான் வந்தேன், இப்போது என்ன குறைந்துபோய்விட்டேன்?" என்று மாமியார், நாத்தனார், பெரியம்மா என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அடித்தவர் யாரும் இல்லை. கடைசியில் அவர் எழுந்து வாசலுக்கு நடந்தபோது, மாப்பிள்ளையின் பாட்டி வாசற்படியில் குறுக்கே படுத்துவிட்டார். மூத்தவரைத் தாண்டிப் போனால் சாபம் பிடிக்கும், வாழ்க்கை விளங்காது என்பது அங்கே ஆழ ஊன்றிய நம்பிக்கை. எஜே தாண்டவில்லை. கதையைச் சொல்லிக்கொண்டே நான் கொண்டுவந்த முறுக்கை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். "தாண்டியிருந்தால்?" என்று கேட்டேன். "என் அப்பா வாசலில் வந்து நிற்பார்" என்றார். விழுந்த இடத்தில்தான் கல்லுக்குக் கனம் என்று அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. மகளைத் திரும்ப ஏற்றுக்கொள்ள மறுக்கும் தகப்பன் சொல்லும் பழமொழி அது.

இரவு ஒன்று கழிந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. உள்ளே ஏதும் நடந்ததோ இல்லையோ, ஊர் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்த ஓரிரு நாளில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெண் வீட்டுக்குப் பரிசுகளோடு போவார்கள். கோபத்தை அமுக்குதல் என்று பொருள்படும் 'அச்சூ பசர்' என்பது அந்தச் சடங்கின் பெயர். பெண்ணின் கையெழுத்தில் "என் விருப்பத்தோடுதான் வந்தேன்" என்று ஒரு கடிதமும் கூடவே போவதுண்டு. வழக்கறிஞனாகப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சடங்குகள் எல்லாமே ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றுகிறது. இராக்கதத்தை இரண்டு நாளுக்குள் உடன்போக்கு ஆக்கிக் காட்டுவதற்கான பத்திரங்களை இவை ஒவ்வொன்றாகத் தயாரிக்கின்றன. துணி ஒரு சாட்சி. கடிதம் ஒரு சாட்சி. கழிந்த இரவு எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் சந்தேகத்துக்கு இடமில்லை. சோவியத் காலத்திலேயே இது குற்றம். பழைய குல வழக்கங்களின் மிச்சம் என்று வகைப்படுத்தித் தடை செய்திருந்தார்கள். 1991இல் சுதந்திரம் வந்த பிறகும் குற்றமாகவே தொடர்ந்தது, ஆனால் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டுகள். அப்போது ஆடுமாடு திருடியவனுக்கு 11 ஆண்டுகள் வரை கொடுக்க முடியும். "பெண்ணைத் திருடினால் மூன்று, ஆட்டைத் திருடினால் பதினொன்றா?" என்று பெண்கள் அமைப்புகள் கேட்ட கேள்விக்கு நாடாளுமன்றத்தில் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. 2013 ஜனவரியில் அன்றைய அதிபர் அல்மாஸ்பெக் அதம்பாயேவ் கையெழுத்திட்ட திருத்தம் தண்டனையை 7 ஆண்டுகள் வரை உயர்த்தியது. பெண்ணுக்கு 17 வயது நிரம்பவில்லை என்றால் 10 ஆண்டுகள் வரை. 2016இல் இன்னொரு திருத்தம் வந்தது. 18 வயது ஆகாத பெண்ணுக்கு நிக்காஹ் நடத்திவைக்கும் மதகுருவுக்கும், நடத்தச் சொன்ன பெற்றோருக்கும் 3 முதல் 5 ஆண்டுகள் சிறை. நிக்காஹ் மட்டும் செய்தால் அது அரசின் கண்ணில் திருமணமே ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஸாக்ஸ்' எனப்படும் பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் திருமணம். கடத்திவரப்பட்ட பெண்களில் பலருக்கு அந்தப் பதிவு நடப்பதே இல்லை. அதனால் கணவன் கைவிட்டால் சொத்தில் பங்கும் கேட்க முடியாமல் தவிக்கிறார்கள். மதத்தைக் காரணம் காட்டுவதும் எடுபடாது. பெண்ணின் சம்மதம் இல்லாத நிக்காஹ் செல்லாது என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அரிச்சுவடி.

ஆக, சட்டம் பலவீனமானது என்று சொல்ல வழியில்லை. கோட்டை விடுவது போலீஸ் நிலையத்தில். அங்கே நான் பார்த்த ஒரு காட்சியைச் சொன்னால் விளங்கும். செல்போனைப் பறிகொடுத்த ஒரு மாணவனோடு மாவட்டப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். நடைவழியில் நீளமான பெஞ்சு. அதன் ஒரு கோடியில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். மறு கோடியில் ஓர் இளைஞனும் தொப்பி அணிந்த இரண்டு பெரியவர்களும். நடுவில் நானும் என் மாணவனும். அந்தப் பெண்ணின் மடியில் ஒரு வெள்ளைத்தாள், கையில் பேனா. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, பள்ளிக்கூட வாத்தியார் டிக்டேஷன் கொடுப்பதைப் போல, ரஷ்ய மொழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ப்ரெதென்ஸிய் நே இமேயு." எனக்குக் கோரிக்கை ஏதும் இல்லை, அதாவது புகார் இல்லை என்று பொருள். அந்த ஊர்ப் போலீஸ் நிலையங்களில் அதிகம் எழுதப்படும் மூன்று சொற்கள் அவையாகத்தான் இருக்கும். அவள் எழுதினாள். தேதி போட்டாள். தொப்பிக்காரர்களில் ஒருவர் எழுந்து அம்மாவின் கையைக் குலுக்கினார். அந்த வழக்கு அலா கச்சூதானா, காதலர் சண்டையா, வேறு தகராறா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. புகார் கொடுத்தவரையும் கொடுக்கப்பட்டவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து வாபஸ் எழுதி வாங்குவது அங்கே எவ்வளவு சாதாரணம் என்பதை மட்டும் கண்ணால் பார்த்தேன். மாணவனின் செல்போன் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

அந்த ஒரே பெஞ்சுப் பழக்கம் 2018 மே மாதம் ஓர் உயிரைப் பறித்தது. இருபது வயது மருத்துவ மாணவி ஒருவரை, அவரை மணக்க விரும்பிய ஒருவன் கடத்தினான். அவனுக்கு அது இரண்டாவது முயற்சி. அந்தப் பெண்ணுக்கு வேறொருவரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இந்த முறை போலீஸ் காரை மறித்து இருவரையும் சூய் மாகாணத்தில் உள்ள ஒரு நிலையத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை சரி. பிறகு இருவரையும் ஒரே அறையில் தனியாக விட்டுவிட்டு வாக்குமூலம் எழுதப் போய்விட்டார்கள். அவனைச் சோதனை போட்டு கத்தியை எடுத்திருக்கவும் இல்லை. அந்த அறையிலேயே, காவல் நிலையத்துக்கு உள்ளேயே, அவன் அவரைக் குத்திக் கொன்றான். அந்த வாரம் பிஷ்கெக்கில் எந்த டீக்கடையிலும் வேறு பேச்சு இல்லை. கொலைகாரனுக்கு அவ்வாண்டு டிசம்பரில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. நிலையத்துப் போலீசார் பலர் மீது நடவடிக்கை வந்தது. அதே ஆண்டு, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு கிர்கிஸ்தானில் நடத்திய விசாரணையின் அறிக்கையும் வெளியாயிற்று. சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தவறியதன் மூலம் அரசே பெண்களின் உரிமைகளை மோசமாகவும் தொடர்ச்சியாகவும் மீறியிருக்கிறது என்பது அதன் முடிவு.

மூன்றே ஆண்டில் இன்னொன்று. 2021 ஏப்ரல் 5, பிஷ்கெக் நகரத் தெரு, பகல் வெளிச்சம். ஓர் இளம்பெண்ணை ஆண்கள் சேர்ந்து காருக்குள் தள்ளுகிறார்கள். கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. குடும்பம் அன்றே போலீசிடம் போனது. கல்யாண விவகாரம்தானே, தானாக முடிந்துவிடும் என்ற அலட்சியத்தில் நேரத்தைக் கடத்திவிட்டார்கள் என்பதே குடும்பத்தின் குற்றச்சாட்டு. இரண்டு நாள் கழித்து, நகருக்கு வெளியே வயலில் நின்றிருந்த காரில் அவரும், தன்னையே குத்திக்கொண்டதாகச் சொல்லப்படும் கடத்தல்காரனும் பிணமாகக் கிடந்தார்கள். மறுநாள் நூற்றுக்கணக்கானவர்கள் உள்துறை அமைச்சகத்தின் முன் திரண்டார்கள். நகரப் போலீஸ் தலைவரின் பதவி போயிற்று. கேமராவும் இருந்தது, புகாரும் இருந்தது, 2013இன் சட்டமும் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இந்த இடத்தில் என் தொழில் சார்ந்த ஓர் உறுத்தலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரில் இதன் தலைகீழ் நடக்கிறது. பெண்ணைக் கட்டாயக் கல்யாணத்துக்காகக் கடத்துவது இந்தியாவிலும் குற்றம்தான். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 366ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவு, 10 ஆண்டுகள் வரை சிறை. அந்தப் பிரிவில் நான் நடத்திய வழக்குகளில் பெரும்பாலானவற்றில் பெண் தானாக விரும்பித்தான் போயிருக்கிறாள். பையன் வேறு சாதி என்பதற்காகப் பெற்றோர் அதைக் கடத்தல் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். இங்கே உடன்போக்கை இராக்கதம் என்று எழுதுகிறோம், அங்கே இராக்கதத்தை உடன்போக்கு என்று எழுதுகிறார்கள். இரண்டு ஊரிலும் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பதைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். ஆகவே கிர்கிஸ்காரர்களைப் பார்த்து உச்சுக்கொட்டும் வாசகர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பெண்கள் கடத்தப்படுகிறார்கள் என்று நீங்கள் எங்கோ படித்திருப்பீர்கள். அந்த எண் பெண்கள் அமைப்புகளின் மதிப்பீடு, எண்ணிக்கை எடுத்துச் சொன்னது இல்லை. நான் மேலே சொன்ன சொல் குழப்பம் அதிலும் புகுந்துகொள்கிறது. "உங்கள் கல்யாணம் அலா கச்சூவா?" என்று கேட்டால், பேசிவைத்து ஓடிப்போனவரும் ஆமாம் என்பார், இழுத்துப் போகப்பட்டவரும் ஆமாம் என்பார். போலீஸ் பதிவேட்டு எண்ணோ வாபஸ் தாள்களால் சுருங்கிப்போனது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இது ஆதிகாலத்து வழக்கமா என்பதிலும் தகராறு உண்டு. நாடோடிக் காலத்திலிருந்தே வருகிறது என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகத் தூக்கிப் போவதைப் பழைய மரபுச் சட்டம் ஏற்கவில்லை, அப்படிச் செய்தால் இரண்டு குலங்களுக்கு நடுவே ரத்தப் பகை மூளும், இப்போதைய வடிவம் பெரிதும் இருபதாம் நூற்றாண்டில் பரவியது என்று கள ஆய்வு செய்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. ஆட்டையும் குதிரையையும் எண்ணிச் சீர் பேசிய சமூகம், பெண்ணைச் சும்மா விட்டுக்கொடுத்திருக்கும் என்று நம்புவது கடினம். இன்னொரு ஆய்வு இதைவிட ஒருபடி மேலே போகிறது. கடத்தல் கல்யாணத்தில் பிறந்த குழந்தைகள், பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணங்களில் பிறந்த குழந்தைகளைவிட 80 முதல் 190 கிராம் வரை எடை குறைவாகப் பிறக்கிறார்கள் என்று 2017இல் கண்டறிந்தார்கள். தாயின் மன அழுத்தம் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வறுமையையும் அதில் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று பேசுவோருக்கு அந்த 80 கிராம் ஒரு பதில்.

"அப்படியானால் கோர்ட்டுக்குப் போகலாமே, ஏன் வாபஸ் எழுதுகிறார்கள்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். வெட்கம், ஊர்ப்பேச்சு, பிழைப்பு எல்லாம் காரணம்தான். நீதிமன்றத்தின் மீது அங்கே யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த 2013ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கடத்தலுக்குத் தண்டனையைக் கூட்டினார்கள். ஏப்ரலில், சிறையில் இருந்த அஸீஸ் பதுகாயேவ் என்ற பெரிய ரவுடித் தலைவனை ரத்தப் புற்றுநோய் என்று விடுதலை செய்தார்கள். விமானத்தில் ஏறி நாட்டைவிட்டே போய்விட்டான். நோய்ச் சான்று பொய் என்று பிறகு தெரிந்தது. அந்த விடுதலையில் பங்கு உண்டு என்று 2020இல் அதம்பாயேவுக்கே 11 ஆண்டு 2 மாதம் சிறைத்தண்டனை விதித்தார்கள். உடல்நிலையைக் காரணம் காட்டி 2023இல் அவரும் வெளியே வந்தார். இப்போதைய அதிபர் சதிர் ஜபாரோவின் கதை இன்னும் சுவையானது. ஒரு மாகாண அதிகாரியைப் பிணைக்கைதியாகப் பிடித்துவைத்தார் என்ற வழக்கில் 2017இல் அவருக்குப் பதினொன்றரை ஆண்டுகள் சிறை. அரசியல் பழிவாங்கல் என்று அவர் மறுத்துவந்தார். 2020 அக்டோபரில் தேர்தல் மோசடிக்கு எதிராகக் கிளம்பிய கூட்டம் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. சில நாட்களில் பிரதமர், அடுத்து தற்காலிக அதிபர், அடுத்த ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர். தீர்ப்பும் வேகமாக ரத்தாயிற்று. கம்சி கோல்பாயேவ் என்ற இன்னொரு ரவுடித் தலைவனை 2023 அக்டோபரில் பிஷ்கெக்கில் பாதுகாப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அவனுக்கு யார் யாரோடு தொடர்பு என்று கோர்ட்டில் கேட்கும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. தீர்ப்பு என்பது யார் நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று டாக்ஸி ஓட்டுநர்வரை நம்பும் ஊரில், நாரின் மலைக் கிராமத்துத் தாய் ஒருத்தி "வழக்கு நடத்தி ஜெயிக்கலாம்" என்று மகளுக்குச் சொல்லுவாளா?

அதனால் பலரும் போகும் இடம் 'அக்சகால்' மன்றம். வெண்தாடிக்காரர்கள் என்று பொருள். நம் ஊர்ப் பஞ்சாயத்துப் போலத்தான், ஆனால் அங்கே இதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டு, 2002இல் தனிச் சட்டமே போட்டார்கள். குடும்பத் தகராறு, வாய்க்கால் தகராறு, வேலித் தகராறுக்கு நல்ல ஏற்பாடு. குற்ற வழக்கைத் தொட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அலா கச்சூ 'குடும்பத் தகராறு' என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடுகிறது, அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலரின் மனைவிமாரே அந்த வழியில் வந்தவர்கள்தான்.

எஜேயின் கதையில் ஒரு பின்பாதி உண்டு. அவருடைய மகனும் ஒரு நாள் நண்பர்களோடு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டான். உறவுக்காரிகள் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். எஜே துணியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, மகனிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கி, பக்கத்து வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லி, இருட்டுவதற்குள் அந்தப் பெண்ணை அவள் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டார். "வாசலில் நின்று அவள் அப்பாவிடம் கைக்கடிகாரத்தைக் காட்டினேன், இன்னும் ஆறு மணிகூட ஆகவில்லை என்று" என்றார். மகன் ஒரு வருடம் அவரோடு பேசவில்லையாம். இன்றைக்கும் எனக்கு அந்தக் கைக்கடிகாரம்தான் நினைவில் நிற்கிறது. ஆறு மணி என்பது அங்கே எவ்வளவு பெரிய சாட்சி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி உங்கள் தங்கை. அலா கச்சூவுக்காக நீங்கள் அவளைத் தடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்த வழக்கம் மருமகளைப் பிடிக்கும் வழக்கம். பெண்ணின் தகப்பன் யார், எந்தக் குலம், சமாதானம் பேச எங்கே போவது என்றெல்லாம் கணக்குப் போட்டு நடப்பது. வெளிநாட்டு மாணவி அந்தக் கணக்கில் வருவதில்லை. நான் இருந்த நான்கு ஆண்டுகளில் இந்திய மாணவி ஒருவருக்கு இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதற்காக இரவு பதினொரு மணிக்கு முன்பின் தெரியாதவர்களின் காரில் ஏறலாம் என்று அர்த்தமில்லை, அது திருச்சிக்கும் பொருந்தும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. 2024 மே 13 அன்று பிஷ்கெக்கில் எகிப்திய மாணவர்களுக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் இடையே கைகலப்பு. அதன் வீடியோ சில நாள் கழித்துப் பரவியதும், 17ஆம் தேதி இரவு நூற்றுக்கணக்கானோர் திரண்டு வெளிநாட்டு மாணவர் விடுதிகளுக்குள் புகுந்தார்கள். எகிப்தியரா, பாகிஸ்தானியரா, இந்தியரா என்று அந்தக் கூட்டம் பார்க்கவில்லை. அப்போது அங்கே சுமார் 14,500 இந்திய மாணவர்கள் இருந்ததாகக் கணக்கு. வெளியே வர வேண்டாம் என்று இந்தியத் தூதரகம் அறிவித்தது. பாகிஸ்தான் தனி விமானங்களை அனுப்பித் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டது. அன்றிரவு, நான் அங்கே இருந்தபோது பழக்கமான ஒரு மாணவன், இப்போது அங்கேயே பயிற்சி மருத்துவன், கட்டிலை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் குளியலறையிலிருந்து எனக்குப் பேசினான். போலீஸ் வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்து தெருமுனையில் நிற்கிறார்கள் சார்" என்றான். சில நாட்களில் ஊர் அடங்கிவிட்டது, வகுப்புகளும் பிறகு வழக்கம்போல் நடந்தன. ஆனால் அந்தத் தெருமுனையை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தங்கை சேரும் கல்லூரியின் விடுதி வளாகத்துக்குள்ளே இருக்கிறதா, வாசலில் இரவுக் காவல் உண்டா, மூத்த மாணவிகள் எத்தனை பேர் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள் என்று ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள், அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் யாரையாவது தேடிப்பிடித்துக் கேளுங்கள். விடுதிக்கு வெளியே வீடு எடுப்பதை முதல் ஆண்டு முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

எப்போதாவது அவள் போலீஸ் நிலையத்துக்குப் போக நேரலாம். பர்ஸ் தொலைந்தால்கூடப் போக வேண்டும். அவசர அழைப்பு எண் 102. மொழிபெயர்ப்பாளர் கேட்பது அவள் உரிமை, அவர் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்து போட வேண்டியதில்லை. அதிகாரி அன்பாகவே பேசுவார், டீகூடக் கொடுப்பார், "சின்ன விஷயம், இங்கே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்மா" என்பார். அங்கே முதல் செமஸ்டரிலேயே ரஷ்ய எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். உடற்கூறு பாடம் ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த எழுத்தில் "ப்ரெதென்ஸிய் நே இமேயு" என்பது எப்படி இருக்கும் என்று அவளைப் பார்த்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.